மடித்தால் வெடிக்கும் காகித இலைகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: காகித இலை மரம் செய்யும் பெட்டி (2), மொத்த விலை ₹1,298

ஐயா / அம்மா,

வணக்கம். அப்பாவின் சதாபிஷேகத்துக்குப் பேரப்பிள்ளைகள் 9 பேரும் சேர்ந்து ஒரு மரம் செய்து கொடுக்க ஆசைப்பட்டார்கள். இலைக்கு ஒரு பெயராக எங்கள் குடும்பத்தில் உள்ள எல்லோரும் அதில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அதற்காகத்தான் உங்கள் பெட்டி இரண்டு வாங்கினேன்.

பெட்டியில் 60 இலை என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ஒன்றில் 52, மற்றதில் 55 இருந்தன. பசை இறுகிப்போயிருந்தது. சரி, பசை வீட்டில் இருந்தது. ஆனால் இந்தப் பொருள் எப்போது தயாரானது என்று பார்க்கப் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடியும் மாதமும் இல்லை, வருடமும் இல்லை. அதை அச்சிடுவது கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

என் முக்கியமான புகார் இலைகளைப் பற்றியது. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தவள். தாளுக்கு கிரெய்ன் உண்டு, அதாவது நார் ஓடும் திசை. அதன் போக்கில் மடித்தால் மடிப்பு சீராக விழும். குறுக்கே மடித்தால் வெடிக்கும், அதாவது மடிப்பில் விரிசல் விடும். நீங்கள் கொடுத்திருப்பது கல்யாணப் பத்திரிகை கனத்துக்கு அட்டை. இலையின் நடு நரம்பு கிரெய்னுக்குக் குறுக்கே வரும்படி டை கட்டிங் செய்திருக்கிறீர்கள், அதாவது அச்சு வைத்து வெட்டியிருக்கிறீர்கள். மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே கோடாக அழுத்தி வைக்கும் கிரீசிங்கும் போடவில்லை. பிள்ளைகள் நரம்புக்காக மடித்ததும் பச்சை உதிர்ந்து நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தது. சில இலைகள் இரண்டாகவே பிளந்தன. மேலே லேமினேஷன் வேறு. ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் மை ஊறாமல் முத்து முத்தாக நின்றது. ஆச்சியின் பெயரை எழுதி முடிப்பதற்குள் எழுதியவள் கை பட்டு அழிந்துவிட்டது.

தம்பியின் மகளுக்கு 5 வயது. நான்காவது இலையும் வெடித்ததும், "அத்தை, நான்தான் தப்பா மடிக்கிறேனா?" என்று கேட்டாள். அப்புறம் இலையைத் தொடவே பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். '4 வயது முதல்' என்று போட்டு விற்கிற பொருளால் ஒரு பிள்ளை இப்படி நினைத்துக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைசியில் தெருமுனைக் கடையில் பச்சை வண்ணத்தாள் வாங்கினோம். இரண்டாக மடித்து, மடிப்போரம் பாதி இலை வரைந்து வெட்டிப் பிரித்தால் இருபுறமும் ஒத்த பூவரச இலை. அவளே 14 இலை வெட்டினாள். மரம் இப்போது அப்பா அறைச் சுவரில் இருக்கிறது.

மின்னஞ்சலில் கேட்டதற்கு, பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. பிரிக்காமல் இலையை எப்படி எண்ணுவது, எப்படி மடித்துப் பார்ப்பது?

₹1,298-ஐ 15 நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவேன். அடுத்த முறை அச்சடிக்கும்போது லேமினேஷன் இல்லாத மெல்லிய தாளைப் போட்டு, கிரெய்ன் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். வெடித்த இலைகள் நான்கையும் ரசீது நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சிவகாசி