இல்லை என்ற இடத்தில் யாரும் போர் போடுவதில்லை

காட்பாடி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. ஆபீஸில் 6 பேருக்குப் பொறுப்பாக இருக்கச் சொன்னார்கள், "ஆளை வச்சு வேலை வாங்கறது எனக்கு வராதுப்பா, வேண்டாம்னுட்டேன்" என்றாய். வேண்டாம் என்றது உன் இஷ்டம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. "வராது" என்ற சொல்தான் உறுத்துகிறது. அதை போனில் பேசித் தீர்க்க முடியாது என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம் பக்கத்தில் தண்ணீருக்குப் போர் போடுவதை எடுத்துக்கொள். வண்டி வருவதற்கு முன்னால் நீரோட்டம் பார்ப்பவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு கொல்லையில் நடப்பார். சிலர் கவட்டை போன்ற வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொள்வார்கள். தேங்காய் நிமிர்கிற இடத்தில் குறி வைத்துவிட்டுப் போவார். தண்ணீர் வந்தால் ஊரெல்லாம் அவர் பேச்சுதான். வராவிட்டால் "இன்னும் 50 அடி போயிருக்கணும்", "பக்கத்துக் கொல்லைக்காரன் முந்திட்டான், ஊத்து அந்தப் பக்கம் திரும்பிடுச்சு" என்பார்கள். வேலூர்ப் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. மேலே மக்கிப்போன பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்பில் பட்டால் தண்ணீர், படாவிட்டால் புழுதி.

அவர் சொல்வது நிஜமா என்று தெரிய நாலு கணக்கு வேண்டும். உண்டு என்ற இடத்தில் எத்தனை முறை கிடைத்தது, எத்தனை முறை கிடைக்கவில்லை. இல்லை என்ற இடத்தில் எத்தனை முறை கிடைத்தது, எத்தனை முறை கிடைக்கவில்லை. முதல் கணக்கை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். இரண்டாவதற்குச் சமாதானம் தயாராக இருக்கும். மூன்றும் நாலும் என்றைக்கும் காலிதான். இல்லை என்று சொன்ன இடத்தில் லட்சக்கணக்கில் கொட்டிப் போர் போட்டுப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் அந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. யாரும் அதைச் சோதிக்கவே இல்லை.

உன் "வராது"வும் அப்படித்தான். நீ ஆளை நடத்தித் தோற்றதில்லை, ஜெயித்ததும் இல்லை. ஒவ்வொரு முறை மறுக்கும்போதும் அதற்கு வயசு கூடுகிறது, ஆதாரம் கூடவில்லை. அது எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். சின்ன வயசில் சொந்தக்காரர்கள் எல்லாம் "அதிர்ந்து பேசாத பொண்ணு" என்று உன்னைப் பாராட்டுவார்கள். திட்டிச் சொன்னதை மனசு எதிர்த்து நிற்கும், பாராட்டிச் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளும். வேர் அங்கே இருக்கலாம்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் உதிர்ந்துவிடும், அந்தச் சதையில் கத்தி வைத்தால் ஆறாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர் அந்தக் கைகளை உட்கார்ந்து கவனித்தார். கிருமி கெடுப்பது நரம்பை. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் கெட்டு, உணர்ச்சி போகிறது. சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் முள் ஏறினாலும் தெரியாது, தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. காயத்தின் மேல் காயம் பட்டுத்தான் விரல் குறைகிறது. சதையோ நல்ல சதை. மாவுக்கட்டு போட்டு ஓய்வு கொடுத்தால் புண் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. மடங்கிப்போன விரல்களுக்கு, கெடாத தசையை எலும்போடு பிணைக்கும் நாணை எடுத்து மாற்றித் தைத்தார், விரல் நிமிர்ந்தது.

பழைய நம்பிக்கையின் கேடு எங்கே இருந்தது, பார். நோய்தான் விரலைத் தின்கிறது என்று முடிவு கட்டிவிட்டால், இந்தக் காயம் நேற்று எப்படி வந்தது என்று யார் கேட்பார்கள்? பதில் முன்பே கையில் இருக்கும்போது கேள்வி எழாது.

உணர்ச்சி போனவர்களுக்குச் சொல்லித்தரும் பழக்கத்தையும் கேள். தினமும் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் கண்ணால் பார்க்க வேண்டும். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். 20 நிமிஷம் தண்ணீரில் ஊற வைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். வலி செய்ய வேண்டிய வேலையை அங்கே கண் செய்கிறது. தப்பான நம்பிக்கையும் வலிக்காது பாப்பா. சரியானதைப் போலவே மனசுக்குள் இருக்கும். அதனால் அதையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதாவது காகிதத்தில்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். "எனக்கு ஆளை நடத்த வராது" என்று எழுதாதே, அது பொய்யாகவே முடியாத வாக்கியம். "3 பேரோடு 2 வார வேலை ஒன்றை நடத்தினால் தேதிக்குள் முடியாது, ஒருவராவது என்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்" என்று எழுது. அது நடக்கும் என்று எவ்வளவு உறுதியாக நினைக்கிறாய் என்று பக்கத்திலேயே போடு, பத்துக்கு எட்டு என்பது போல. தேதி போடு. எது நடந்தால் மனசை மாற்றிக்கொள்வாய் என்பதையும் அப்போதே எழுதிவிடு. பேனாவால் எழுது, பென்சில் வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், முடிவு வந்த பிறகு மனசு வாக்கியத்தை மாற்றும். வேலை நல்லபடியாக முடிந்தால் "அது சின்ன வேலைப்பா, அதான்" என்பாய். அது நீரோட்டக்காரரின் 50 அடிதான். ஒரு தடவையோடு நிறுத்திவிடாதே, ஒரு தடவை எதையும் காட்டாது. பத்துக்கு எட்டு என்று நீ போட்டவற்றில் பாதிகூட நடக்கவில்லை என்றால், அந்த நம்பிக்கைக்கு நீ கூடுதல் விலை கொடுத்திருக்கிறாய். நடந்துகொண்டே இருந்தால் அதையும் ஒத்துக்கொள். அப்போது "வராது" என்பது நீ பார்த்துத் தெரிந்துகொண்டதாக இருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். நானும் அம்மாவும் உனக்கு உதவாத சாட்சிகள், எது செய்தாலும் நன்றாக இருக்கிறது என்போம். உன் கூட வேலை செய்தவர்களில் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரிடம் கேள். "நல்லா பண்ணினேனா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "எந்த இடத்துல சொதப்பினேன்?" என்று கேள். 1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்று மூன்று எண்ணைக் கொடுத்து, அதற்குள் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு எண்களைச் சொல்லிப் பார்க்கலாம், சரியா தப்பா என்று அவர் சொல்வார். பலர் 8, 10, 12 என்று தங்கள் ஊகத்துக்குப் பொருந்துகிற எண்களையே சொல்லிக்கொண்டு போனார்கள். விதி, ஏறுவரிசை என்பது மட்டும்தான். 1, 2, 3 என்று ஒரு தடவை கேட்டிருந்தாலே இரண்டிரண்டாகக் கூடுகிறது என்ற ஊகம் உடைந்திருக்கும்.

எல்லாவற்றையும் இந்த நோட்டில் ஏற்றாதே. சாமி கும்பிடுவது, பொய் சொல்லக் கூடாது என்பது, கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும் என்பது எல்லாம் நாம் எப்படி வாழ்வது என்று எடுத்த முடிவுகள், அவற்றுக்குச் சோதனை தேவையில்லை. இது நடக்கும், அது நடக்காது, அவர் இப்படி, நான் இப்படி என்று உலகத்தைப் பற்றிச் சொல்வது மட்டும் நோட்டுக்குப் போகட்டும்.

அந்த 6 பேர் பொறுப்பு போனது போகட்டும். அடுத்து 3 பேர் வேலை ஏதாவது வந்தால், வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வரி எழுதிவிடு. பொங்கலுக்கு வரும்போது நோட்டை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. அம்மா கத்திரி வற்றல் போட்டு வைத்திருக்கிறாள், பெரிய பையாகக் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா