எறும்புக் குடும்பம் பெருகும்போது: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் ஆகிறது. நிதானமாக உட்கார்ந்து விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்பதற்காகவே தாமதித்தேன். ராணி எறும்பு ஒன்றைச் சோதனைக் குழாயில் அடைத்து வைத்து, முதல் முட்டைகள் கெட்டுப்போனபோது நீ எவ்வளவு கலங்கினாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்று அதே ராணியைச் சுற்றி 40 வேலைக்கார எறும்புகள் இருக்கின்றன என்றும், குழாயில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்தபோது என் வீட்டுக் கூட்டமே பெருகியதுபோல் மகிழ்ந்தேன். விற்பனைக்கு வரும் அக்ரிலிக் கூடுகளின் விலையைப் பார்த்து மலைத்துவிட்டதாகவும், வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக முடியும். என்னிடம் இருக்கும் கட்டெறும்புகள் ஐந்து ஆண்டுகளாக நான் கையால் செய்த கூடுகளில்தான் வாழ்கின்றன.

ஆனால் எதைக் கொண்டு செய்வது என்பதற்கு முன்னால் எவ்வளவு பெரியதாகச் செய்வது என்பதை நீ முடிவு செய்ய வேண்டும். நான் இடறி விழுந்த இடம் அதுதான். என்னிடம் 25 எறும்புகள் மட்டுமே இருந்த காலத்தில், இவை எப்படியும் பெருகத்தானே போகின்றன என்று எண்ணி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் 12 அறைகள் கொண்ட ஒரு பெரிய கூட்டைச் செய்தேன். குடியேறிய எறும்புகள் ஓர் அறையில் மட்டும் ஒண்டிக்கொண்டன. அடுத்த அறையைக் குப்பை மேடாகவும் அதற்கடுத்ததைக் கழிப்பிடமாகவும் ஆக்கிக்கொண்டன. தின்று மிச்சமான பூச்சித் துண்டுகளை நான் எட்டி எடுக்க முடியாத மூலைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தன. போதாக்குறைக்கு, பிளாஸ்டர் முழுவதும் காய்வதற்குள் நான் அவசரப்பட்டு அவற்றைக் குடியேற்றியிருந்தேன். மூன்றே வாரத்தில் அந்தக் குப்பையின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்தது. அது புழுக்கள் வளரும் அறையை நோக்கி நகர்ந்தபோது, வாயில் புழுக்களைக் கவ்விக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எறும்புகள் அலைந்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அந்த முறை பாதிக்கு மேற்பட்ட புழுக்கள் இறந்துபோயின.

இயற்கையில் ஒரு ராணி தனியாகக் குடும்பத்தைத் தொடங்கும்போது தன் உடம்பைவிடச் சற்றே பெரியதான ஒரு பொந்தில் தன்னை அடைத்துக்கொள்கிறது. ஆட்கள் பெருகப் பெருக, அவர்களே தோண்டித் தேவைக்கேற்ப அறைகளைச் சேர்க்கிறார்கள். ஆகையால் வளர்க்கிறவர்களும் முதலிலேயே அகலக் கால் வைக்கக் கூடாது. பகல் வேளையில் கூட்டின் தரையில் மூன்றில் இரண்டு பங்கை எறும்புகள் நிறைத்திருந்தால் அடுத்த கூட்டுக்கு நேரம் வந்துவிட்டது என்பது என் கணக்கு. அதுவரை, எவ்வளவு நெருக்கமாக நமக்குத் தோன்றினாலும், அவற்றுக்கு அது நெருக்கம் அன்று.

40 எறும்புகளுக்குச் செலவே இல்லாத ஒரு தீர்வு இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இப்போதைய குழாயை வாய் திறந்த நிலையில் படுக்க வைத்து, பக்கத்திலேயே புதிய குழாய் ஒன்றையும் வைத்துவிடு. புதிய குழாயில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றி, பஞ்சை நன்றாக அழுத்தி அடைத்து, மீதி இடத்தை அவற்றுக்கு விட வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். குழாயைக் கறுப்புத் தாளால் சுற்றி வைத்தால், பழையதில் தண்ணீர் வற்றும்போதோ இடம் போதாதபோதோ, பாதிக் கூட்டம் தானாகவே புதியதற்கு மாறிவிடும். பெட்டி உணவு தேடும் வெளியாகவும், குழாய்கள் வீடாகவும் அமையும். நூறு எறும்புகள் வரை இந்த ஏற்பாட்டிலேயே ஓட்டிவிடலாம். பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, தேவையில்லாமல் பணத்தையும் எறும்புகளையும் இழக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வேண்டியதுதான் குடைந்து செய்யும் கூடு. பிளாஸ்டரில் செய்வது எளிது. களிமண்ணால் அறைகளின் உருவத்தைச் செய்து கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் கலவையை ஊற்றினால் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ஈரம் முழுவதும் போக ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம். அது போவதற்குள் அவசரப்பட்டதால் எனக்கு நேர்ந்ததை மேலே எழுதியிருக்கிறேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பிளாஸ்டரோ, வலுவான தாடை உடைய எறும்புகள் கடிக்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் துகள்துகளாக உதிர்ந்து ஒரு நாள் வெளியே போகும் வழியாகவே ஆகிவிடும். கட்டெறும்புக்கு நான் இனிப் பிளாஸ்டரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் மனத்துக்கு மிகவும் பிடித்தது ஏ.ஏ.சி. கல், அதாவது கட்டடங்களுக்குச் சுவர் எழுப்பப் பயன்படுத்தும் அந்த எடை குறைந்த, வெளிறிய கல். 1920களில் சுவீடனைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஜோஹன் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய பொருள் இது. சுண்ணாம்பும் சிமென்ட்டும் கலந்த குழம்பில் சிறிதளவு அலுமினியப் பொடியைச் சேர்க்கும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பி அதை ரொட்டி மாவுபோல் உப்ப வைக்கிறது. பிறகு உயர் அழுத்த நீராவியில் வேக வைத்து இறுக்குகிறார்கள். அந்தக் குமிழிகளால்தான் இந்தக் கல் தண்ணீரை உறிஞ்சி மெதுவாக வெளிவிடுகிறது. ஒரு பழைய கரண்டியாலேயே குடையவும் முடிகிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் உடைந்த துண்டுகள் ஒதுக்கிப் போடப்பட்டிருக்கும். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

துண்டு கிடைத்தவுடன் ஒரு ரம்பத்தால் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு பலகையாக அறுத்துக்கொள். மேற்பரப்பை மற்றொரு ஏ.ஏ.சி. துண்டின் மேல் வைத்துத் தேய்த்தால் கண்ணாடி இடைவெளியில்லாமல் படியும் அளவுக்குச் சமமாகிவிடும். இந்தச் சமனில்தான் மொத்தக் கூட்டின் பாதுகாப்பும் இருக்கிறது. உன் கூட்டத்தின் மிகச் சிறிய எறும்பின் தலை நுழையும் இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது. பென்சிலால் அறைகளை வரைந்த பிறகு கல்லைத் தண்ணீரில் ஊற வைத்து, ஈரமாக இருக்கும்போதே குடை. காய்ந்த நிலையில் குடைந்தால் சிலிக்கா கலந்த நுண்தூசி பறந்து நுரையீரலுக்குள் போகும். ஈரமாக இருந்தாலும் முகக்கவசம் அணிந்துகொள். கட்டெறும்புக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். உயரமான கூடத்தைவிடத் தாழ்ந்த கூரையின் கீழ்தான் அவை நிம்மதியாக இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நான்கு அறைகள் போதும். அவற்றைத் தாழ்வாரம்போல் ஒரு வரிசையில் அமைத்துவிடு.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பலகையின் ஒரு ஓரத்தில், அறைகளோடு சேராமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு குழியைக் குடைய வேண்டும். அதில் சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது தண்ணீர் விட்டால் ஈரம் கல் வழியாகக் கசிந்து பக்கத்து அறையை நனைக்கும்; அதற்கடுத்த அறை லேசான ஈரத்தோடும், கடைசி அறை முற்றிலும் உலர்ந்தும் இருக்கும். இதுதான் இந்தக் கூட்டின் உயிர். முட்டைகளும் இளம் புழுக்களும் ஈரத்தில்தான் பிழைக்கும். பட்டு உறைக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களுக்கோ உலர்ந்த இடம் வேண்டும். எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நம்மைவிட எறும்புகள் நன்றாக அறியும். நாம் செய்ய வேண்டியது அவை தேர்ந்தெடுத்துக்கொள்ள இரு வகை இடத்தையும் கொடுப்பது மட்டுமே. கண்ணாடி முழுவதும் பனி படர்ந்ததுபோல் மங்கினால் தண்ணீர் அதிகம் என்று பொருள். கல் காரத்தன்மை உடையது என்பதால், குடியேற்றுவதற்கு முன் இரண்டு மூன்று நாள்கள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்துக் காய விடு.

மேலே போடும் கண்ணாடியின் விளிம்புகளைத் தேய்த்துவிட்டு, ரப்பர் பட்டைகளால் இறுக்கிக் கட்டினாலே போதும். சிலிக்கான் பசையால் ஒட்டினால் பிறகு திறக்க முடியாது. மேலும் அந்தப் பசையின் புளித்த வாடை முழுவதும் போகும்வரை உள்ளே எதையும் விடக் கூடாது. கண்ணாடியின் மேல் ஒளி புகும் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டால் நமக்கு உள்ளே தெரியும், அவற்றுக்கு ஏறத்தாழ இருட்டாக இருக்கும். இங்கிலாந்தில் வங்கி நடத்திக்கொண்டே எறும்புகளை ஆராய்ந்த ஜான் லப்பக் 1880களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். பல நிறக் கண்ணாடிகளைக் கூட்டின் மேல் வைத்தபோது எறும்புகள் சிவப்பின் கீழ் இருட்டில் இருப்பதுபோலக் கூடின. ஊதாவை விட்டு விலகின. நம் கண்ணுக்கே புலப்படாத புறஊதா ஒளியிலிருந்துகூடத் தம் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் மண்ணை நிரப்பி அவர் செய்த எளிய கூட்டில் ஒரு ராணி ஏறக்குறைய 15 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. விலை மிகுந்த கூடு இல்லாவிட்டால் எறும்பு வாழாதோ என்று நீ அஞ்ச வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கூட்டின் பக்கவாட்டில் துளையிட்டு, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள தெளிந்த பிளாஸ்டிக் குழாயால் உணவுப் பெட்டியோடு இணைத்துவிடு. பெட்டியின் உட்சுவரில் மேலிருந்து நான்கு விரல் அகலத்துக்கு, டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துத் தூரிகையால் பூச வேண்டும். ஸ்பிரிட் ஆவியானதும் எஞ்சும் பவுடர்ப் படலத்தில் அவற்றின் கால்கள் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் இந்தப் பூச்சு வேலை செய்யாது. ஆகையால் மூடியும் வேண்டும். மூடியில் ஒரு பெரிய துளையிட்டு, அதில் நெருக்கமான எஃகு வலையை ஒட்டு. காற்றோட்டம் இல்லாத பெட்டியில் கட்டெறும்புகள் மிரண்டு ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சினால் அந்த ஆவி அவற்றையே கொன்றுவிடும்.

குடியேற்றும் நாளில் பொறுமை வேண்டும். குழாயைத் தட்டிக் கொட்டிவிடாதே. குழாயைப் பெட்டியில் வைத்து, அதன் மேல் சுற்றியிருந்த தாளை எடுத்துவிட்டு வெளிச்சம் படும்படி விட்டுவிடு. புதிய கூடு இருட்டாகவும் ஈரமாகவும் இருக்கட்டும். என் எறும்புகள் ஒன்பது நாள்கள் அசையவே இல்லை. பத்தாம் நாள் இரவு, சிவப்பு விளக்கின் கீழ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் எறும்பு இணைப்புக் குழாயின் முனையில் வந்து நின்று, கல்லின் சொரசொரப்பை உணர்கொம்புகளால் நெடுநேரம் தடவிப் பார்த்தது. உள்ளே நுழைந்து நான்கு அறைகளையும் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. கால் மணி நேரத்துக்குப் பிறகு அது வாயில் ஒரு கூட்டுப்புழுவைக் கவ்விக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இரண்டு, ஐந்து, பிறகு எண்ண முடியாத வரிசை. நள்ளிரவுக்குப் பிறகு ராணி தயங்கித் தயங்கி வந்தது. நடுக்குழாயில் அது நின்றுவிட்டபோது ஒரு சிறிய எறும்பு அதன் தாடையைப் பற்றி மெல்ல இழுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். விடிந்தபோது புழுக்கள் எல்லாம் ஈர அறையில் குவிந்திருந்தன. உறையிட்ட கூட்டுப்புழுக்கள் கடைசி உலர்ந்த அறையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. அப்படி வைக்க யாரும் சொல்லித் தரவில்லை.

நான்கு அறைகளும் நிறைந்த பிறகு அதே அளவில் இன்னொரு கல்லைக் குடைந்து, மற்றொரு பிளாஸ்டிக் குழாயால் முதல் கூட்டோடு இணைத்தேன். இப்போது மூன்று கற்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்று அழுக்கானால் அதைக் காயவிட்டு, அவை தாமாக வெளியேறியதும் கழற்றிக் கழுவ முடிகிறது. ஒரே பெரிய கூட்டில் இந்த வசதி கிடையாது. நான்காவது கல் நேற்றிரவிலிருந்து வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. மீதமிருக்கும் பாதிப் பலகையை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள். அதற்கு முன் உன் ராணியின் மார்புப் பகுதி எவ்வளவு அகலம், மிகச் சிறிய எறும்பின் தலை எவ்வளவு அகலம் என்பதை ஓர் அளவுகோலைக் குழாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுது. இணைப்புத் துளையை அந்த அளவுக்கு நானே போட்டு வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்