கேப் எபிக் ஜோடிகளில் முன்னால் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வேகக்காரர்களே,

கேப் எபிக் என்பது இருவர் ஓர் அணியாக ஓட்டும் மலைச் சைக்கிள் பந்தயம். அந்த ஜோடியில் பின்னால் வருகிறவர்கள் சார்பில் எழுதுகிறேன். என்னை யாரும் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்? ஏற்றத்தில் பேச எங்களுக்கு மூச்சு இருப்பதில்லை. மாலையில் கூடாரத்தில் பேசினால் சண்டையில் முடிகிறது.

தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் 2004-இல் தொடங்கிய பந்தயம் இது. ஒரு புரோலாக் (குறுகிய தொடக்கச் சுற்று), பிறகு நாளுக்கு ஒன்றாக ஏழு ஸ்டேஜ் என்று எட்டு நாள். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் வந்துவிடும். ஏறும் உயரம் 15,000 மீட்டரை ஒட்டி இருக்கும். இருவருக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. அணியின் நேரம் இரண்டாவது ஆள் கோட்டைக் கடக்கும்போதுதான் நிற்கும். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் வண்டியில் ஏறியதும் மறந்துவிடுகிறீர்கள்.

ஒரு மேட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒன்றரை நிமிடம் முன்னதாகவே நீங்கள் உச்சிக்குப் போய்விடுகிறீர்கள். விதியை மீறவில்லை, சரி. அங்கே நின்று தண்ணீர் குடிக்கிறீர்கள், ஒரு சத்து ஜெல் பாக்கெட்டைப் பிய்த்துச் சாப்பிடுகிறீர்கள், காலை உதறிக்கொள்கிறீர்கள். நான் நாக்குத் தள்ள வந்து சேரும் அதே நொடியில் “போகலாமா?” என்று கேட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். ஓய்வு முழுவதும் யாருக்குக் கிடைத்தது? ஓய்வு தேவைப்படாத ஆளுக்கு. இறக்கத்தில் உங்களைப் பிடிக்க வேண்டுமே என்று சாப்பிடாமலேயே நானும் பின்னால் வருகிறேன். இப்படி நாலு மேடு போனால் ஐந்தாவதில் எனக்குக் கண் இருட்டும். அப்புறம் முகத்தைச் சுளிப்பதும் நீங்கள்தான்.

அந்த ஒன்றரை நிமிடத்தால் அணிக்குக் கிடைத்த லாபம் ஒரு வினாடிகூட இல்லை. நஷ்டம் உண்டு. மேட்டுக்குப் பிறகு திறந்த மண் சாலையில் எதிர்காற்று அடிக்கும்போது உங்கள் பின்சக்கரத்தை ஒட்டி வந்தால் எனக்குப் பெரும் சக்தி மிச்சமாகும். அதைத் தராமல் நூறு மீட்டர் முன்னால் தனியாகக் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், இருவரும் தனித்தனியாகக் களைத்துப்போகிறோம்.

பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று சொல்லாதீர்கள். ஆண்கள் பிரிவில் கார்ல் பிளாட், கிறிஸ்டோப் சவுசர் இருவரும் ஐந்து ஐந்து முறை வென்றவர்கள். பிளாட் வென்றது ஹேமன்ஸ், ஸாம், ஹூபர் என மூன்று கூட்டாளிகளுடன். சவுசருக்கும் மூன்று பேர்: புண்டி, பர்ரி ஸ்டாண்டர், குல்ஹாவி. கூட்டாளி மாறியும் வெற்றி தொடர்ந்தது என்றால், பக்கத்தில் இருப்பவரின் அன்றைய நிலைமையைப் படிக்கத் தெரிந்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கால் பலம் மட்டும் என்றால் அந்த வரிசையில் பலரிடம் இருக்கிறது.

ஒருவர் விலகினால் மற்றவர் தனியாகத் தொடரலாம். ஆனால் அணி தரவரிசையில் இருக்காது. நான் மூன்றாம் நாள் வெயிலில் சுருண்டு விழுந்தால் உங்கள் பல மாதப் பயிற்சியும் அங்கேயே நிற்கும். ஆகவே சொந்த லாபத்துக்காகவாவது கேளுங்கள். ஏற்றத்தில் வேகத்தை நான் வைக்கிறேன். சமதளத்தில், காற்றில், நீங்கள் முன்னால் வாருங்கள். ஆனால் அடிக்கடி திரும்பிப் பாருங்கள். உச்சியில் காத்திருந்தால் நான் வந்த பிறகு ஒரு நிமிடம் சேர்ந்து நிற்போம். தண்ணீர் நிலையத்துக்குள் முதலில் போகிறவர் இருவர் பாட்டிலையும் நிரப்பட்டும். “இன்னும் கொஞ்சம்தான்” என்று மட்டும் சொல்லாதீர்கள். என் ஹேண்டில்பாரிலும் தூரம் காட்டும் மீட்டர் இருக்கிறது.

இன்னொன்று. எடையைப் பகிர்கிறோம் என்று பம்பை உங்கள் பையிலும் டியூபை என் பையிலும் வைப்பது நல்ல ஏற்பாடுதான், நீங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்வரை. இல்லாவிட்டால் இப்போதே ஆளுக்கொரு பம்பு வாங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு நிமிடத்துக்குள் வந்துகொண்டிருக்கும் ஒருவன்