பொருள்: சந்தாவை நிறுத்திய பிறகும் உங்கள் செயலி என் ஃபேஸ்புக் பக்கத்தில் பதிவிடுவது குறித்துப் புகார்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் 5ஆவது கடிதம் இது. முதல் நான்குக்கும் "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்ற ஒரே பதில்தான். இதையாவது யாராவது உட்கார்ந்து படியுங்கள்.

சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். பதிவுகளை நேரம் குறித்துப் போடுவதற்காக மாதம் 18 வெள்ளி (டாலர்) கட்டி உங்கள் செயலியை என் பக்கத்தோடு இணைத்தேன். ஜூலையில் நிறுத்தினேன். நிறுத்தியாயிற்று என்று நீங்களே மின்னஞ்சல் அனுப்பினீர்கள். செப்டம்பரில், தீபாவளித் தையல் குவியும் நேரத்தில், காலை 6 மணிக்குப் போன வருஷப் பதிவு ஒன்று தானாக ஏறியது. அதே சிவப்புப் பட்டு ரவிக்கைப் படம், கீழே "தையல் கூலி 25 வெள்ளி". நான் இப்போது வாங்குவது 40. அழித்தேன். மறுநாள் 6 மணிக்கு மறுபடியும் வந்தது.

"பேஜ்ல 25னுதானே போட்டிருக்கு" என்று போனை நீட்டிக் காட்டுபவரிடம் என்ன சொல்ல முடியும்? 11 பேருக்கு அந்த விலைக்கே தைத்துக் கொடுத்தேன். நஷ்டம் 165 வெள்ளிதானே என்று நினைக்காதீர்கள். 12 வருஷமாகச் சம்பாதித்த பெயர் போய்விட்டது. இந்தத் தீபாவளியே எனக்குப் போய்விட்டது.

போனில் பேசியவர் செயலியைப் போனிலிருந்து அழிக்கச் சொன்னார். அழித்தேன், ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? அனுமதி இருப்பது ஃபேஸ்புக் கணக்கில், என் போனில் இல்லை. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அடுத்தவர் நேரில் வரச் சொன்னார். தைக்க வேண்டியதைப் போட்டுவிட்டு, நியூட்டனில் ரயில் மாறி ஊபியில் இருக்கும் உங்கள் அலுவலகம் வரை வந்தேன். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, கவுண்டரில் இருந்த இளைஞர் பபிள் டீயைக் கலக்கிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆன்டி, அது உங்க ஃபேஸ்புக். எங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்றார். என் மகன் வயதுதான் இருக்கும். அன்று ரயிலில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

கடைசியில் கண்டுபிடித்தது என் தங்கை மகள். ஃபேஸ்புக் அமைப்புகளில் "ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்" பகுதியில் நான் தேடியபோது உங்கள் பெயரே இல்லை. அது இருந்தது "பிசினஸ் இன்டக்ரேஷன்ஸ்" என்ற வேறொரு பகுதியில். நீக்க 2 நிமிஷம் ஆனது. உங்கள் செயலி எங்கே போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் ஒருவர்கூடச் சொல்லவில்லை?

அங்கே உங்களுக்கிருந்த அனுமதிகளைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயம். பதிவிட மட்டுமல்ல, பக்கத்துக்கு வரும் மெசேஜ்களைப் படிக்கவும் இருந்தது. என்னை நம்பிப் பெண்கள் உடல் அளவும் படமும் அனுப்பும் இடம் அது. நான் இணைப்பை வெட்டினாலும், ஏற்கெனவே நீங்கள் எடுத்தது உங்களிடமேதான் இருக்கும்.

2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதத்தைத் திரும்பப் பெற்றால் நிறுவனம் நிறுத்தியாக வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் வெளியிட வேண்டும். உங்கள் இணையத்தளத்தில் அதையும் காணோம்.

தயவுசெய்து உங்கள் பக்கம் இருக்கும் என் இணைப்பு, படங்கள், மெசேஜ்கள் எல்லாவற்றையும் அழித்து, அழித்ததாக எழுத்தில் தாருங்கள். 165 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள். அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 10 வேலை நாள் தருகிறேன். அதற்குள் பதில் வராவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடமும் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலிலும் என் புகார் இருக்கும். காலை 6 மணிப் பதிவுகளை எல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

சண்டை போட எனக்கு நேரமில்லை. இன்னும் 14 ரவிக்கை பாக்கி இருக்கிறது. தயவுசெய்து முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் முன்னாள் வாடிக்கையாளர்