கட்டம் கட்டிப் படம் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்க எழுத்தாளர் ஹோவர்ட் படைத்த வாள்வீரன் கோனானின் படக்கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். "ராபர்ட் ஈ. ஹோவர்ட் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார், காமிக்ஸ்காரர்களுக்குக் கட்டம் கட்டிப் படம் போடுவது மட்டும்தான் பாக்கி" என்கிறார் உங்கள் கட்டுரையாளர். வால்மீகி எழுதி வைத்த பிறகு கம்பருக்கும் அவ்வளவுதான் பாக்கி இருந்தது போலிருக்கிறது.

கட்டுரையாளரே புகழ்கிற, ஹோவர்டின் 'யானைக் கோபுரம்' கதையை எடுத்துக்கொள்வோம். 1933 மார்ச் 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கக் கதைப் பத்திரிகையில் வந்தது. சுமார் பத்தாயிரம் சொல். 1971-இல் மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் அதைக் கோனான் 4-ஆம் இதழில் போட்டபோது கையில் இருந்தது ஏறத்தாழ 20 பக்கம். பக்கத்துக்கு 6 கட்டம், கட்டத்துக்கு 30 சொல் என்று தாராளமாக வைத்தாலும் 3,600 சொல்தான் கொள்ளும். அதற்கு மேல் திணித்தால் வசன பலூன் படத்தை விழுங்கிவிடும். மிச்சச் சொற்களில் எது படத்துக்குள் போகும், எது வசனத்துக்குப் போகும், எது குப்பைக்குப் போகும் என்று ஒருவர் உட்கார்ந்து பிரித்தாக வேண்டும். அதைச் செய்தவர் அந்தப் படக்கதையை எழுதிய ராய் தாமஸ். கட்டுரையில் அவர் பெயர் ஒரே இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது.

அந்தக் கதையின் உயிர் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. கோபுரத்துக்குள் நுழைந்த கோனான், சலவைக்கல் இருக்கையில் பச்சை உடலும் யானைத் தலையுமாக இருக்கும் உருவத்தைச் சிலை என்று நினைக்கிறான். அப்புறம் தும்பிக்கை அசைகிறது. கண் தெரியாத, சித்திரவதைப்பட்ட ஜீவன் அது. எழுத்தில் இதைச் சொல்வது சுலபம்: 'சிலை' என்று எழுதினால் வாசகனுக்கும் சிலைதான். படத்தில் என்ன செய்வீர்கள்? முதல் கட்டத்தில் உருவத்தின் கோடும் இருக்கையின் கோடும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். நிழலும் கல்லில் விழுகிற மாதிரியே விழ வேண்டும். அந்தக் கட்டத்தில் அதன் பக்கமாக ஒரு பலூன் வால் நீண்டால் போச்சு, சிலை பேசிவிட்டது. அசைவு வரும் கட்டம், பக்கத்தைத் திருப்பியதும் இடப்பக்கத்தின் தலையில் விழுந்தால் உத்தமம். எதிர்ப்பக்கத்தில் விழுந்தால், முதல் கட்டத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தும்பிக்கை தெரிந்துவிடும். இதில் இன்னொரு தலைவலி: அன்றைய அமெரிக்க இதழ்களில் நடுநடுவே விளம்பரப் பக்கம் வரும். ஒரு விளம்பரம் இடம் மாறினால் போதும், போட்ட கணக்கெல்லாம் தப்பிப் போகும்.

இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குப் பதில் "நம்ம பிள்ளையார் கதையைச் சுட்டிருக்கிறார்கள்" என்று ஒரு ஜோக். அந்த ஜீவன் யாக் என்ற வேற்றுக்கோளிலிருந்து வந்து, கித்தாய் என்ற நாட்டின் காடுகளில் கடவுளாகக் கும்பிடப்பட்டு, கடைசியில் யாரா என்ற மந்திரவாதியிடம் அடிமையாகிறது. கதையைப் படித்துவிட்டு ஜோக்கடித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ரெட் சோன்யா "ஹோவர்டின் கோனான் கதைகளில் வரும் வீராங்கனை" என்பது அடுத்த முத்து. ஹோவர்டின் எந்தக் கோனான் கதையிலும் அவள் இல்லை. 1529-இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டதை வைத்து அவர் எழுதிய ஒரு சரித்திரக் கதையில் சோன்யா என்றொரு பெண் வருகிறாள். துப்பாக்கி சுடுகிறவள். அந்தக் கதையைக் கோனானின் கற்பனைப் பழங்காலத்துக்கு இழுத்து, பீரங்கியைக் கழற்றி, ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி (Sonya-வை Sonja ஆக்கி), 1973-இல் 23-ஆம் இதழில் போட்டார்கள். படம் போடுவது மட்டும்தான் பாக்கி என்றால் இதற்கு என்ன பெயர்?

படம் வரைய பேரி ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தது "தொலைநோக்குள்ள கலை முடிவு" என்கிறார். தாமஸே பல முறை சொல்லியிருக்கிறார்: பதிப்பாளர் அனுமதித்த தொகையைத் தாண்டி, கோனான் உரிமைக்காக இதழுக்கு 200 டாலர் தருவதாகத் தாமஸ் ஒப்புக்கொண்டுவிட்டார். அதனால் ஓவியர் ஜான் பியூசெமாவின் பக்கக் கூலிக்குக் காசு பத்தவில்லை. குறைந்த கூலிக்குக் கிடைத்தவர் இளைஞர் ஸ்மித். பிற்பாடு அவர் பிரமாதமாக வரைந்தார், அது வேறு விஷயம்.

தாமஸ் தப்பே செய்யாதவர் என்று சொல்லவில்லை. ஹோவர்டின் நடைமேல் இருந்த பக்தியில், கோனான் வாள் வீசும் படத்துக்கு மேலேயே 'கோனான் வாளை வீசினான்' என்ற தினுசில் விவரிப்புப் பட்டை எழுதிவிடுவார். ஹோவர்டின் 'கறுப்புக் கடற்கரையின் ராணி' கதையில் முதல் அத்தியாயத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அவர் சில வரிகளில் தாண்டிப் போன கடற்கொள்ளைக் காலத்தை, 58-இலிருந்து 100-ஆம் இதழ் வரை, மூன்றரை வருடம் இழுத்தார் தாமஸ். எனக்கு அது அதிகம்தான். ஆனால் அதையாவது விமர்சித்திருக்கலாமே! கட்டுரையாளருக்கு அது நடந்ததே தெரியவில்லை.

உங்கள் இதழில் படக்கதை என்றாலே இந்தக் கதிதான். நாவலைப் பற்றி எழுத விஷயம் தெரிந்த ஆளைத் தேடுகிறீர்கள். காமிக்ஸ் என்றால் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர். தாங்கள் அறியாததல்ல.

கடைசியாக, கட்டுரையோடு போட்ட அந்தப் படம். 'ஓவியம்: பேரி ஸ்மித்' என்று போட்டிருப்பது 1974-இல் வந்த கறுப்பு-வெள்ளைக் கோனான் பத்திரிகையின் பக்கம். பென்சிலில் வரைந்தவர் பியூசெமா, அதன்மேல் மை தீட்டியவர் அல்ஃபிரெடோ அல்காலா. அல்காலாவின் கோடு மயிரிழை மாதிரி நெருக்கமானது. அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, செய்தித்தாள் காகிதத்தில் அடித்தால் கோடுகளுக்கு நடுவில் மை அடைத்துக்கொண்டு எல்லாம் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ஆகியிருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் வெட்டியதில் கோனானின் வாள் முனை காணாமல் போய்விட்டது.

அடுத்த இதழில் படத்துக்கு அடியில் இருக்க வேண்டிய அந்த இரண்டு பெயர்களைத் திருத்தி வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். இடம் இருந்தால் பக்கத்தை வெட்டாமல், முழு அகலத்தில்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
மதுரை.