15க்கும் 25க்கும் நடுவே இரண்டு வாரம்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே தொட்டி வரைக்கும் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தென்னையில் வெள்ளை ஈதான் இன்னும் விட்டபாடில்லை போல. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டியும் ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி நிற்கிறது என்று எழுதியிருந்தாய். மழை நன்றாகப் பிடித்துக் கழுவினால்தான் உண்டு. இங்கே பெரியவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பூனையும்தான்.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. இரண்டு வாரமாக என் கையிலிருந்து கிரீஸ் போகவே இல்லை. இந்த வீட்டை வாங்கியபோது கொட்டகையோடு ஒரு பழைய டிராக்டரும் வந்தது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கிழவி செய்த வேலைதான். 1949ஆம் வருஷத்து ஃபோர்டு 8என். மேல் தகடெல்லாம் வெளிர்சாம்பல், என்ஜினும் அடிப்பாகமும் சிவப்பு. இங்கே மிச்சிகனிலேயே, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் பிறந்தவள். அந்த ரகத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால் எழுபது வருஷம் கழித்தும் எல்லா உதிரிப் பாகமும் கிடைக்கிறது.

உன் மாஸி ஃபெர்குசன் டிராக்டருக்கும் இவள் சொந்தக்காரிதான், தெரியுமா? பின்னால் மூன்று கையில் கலப்பையை மாட்டி ஹைட்ராலிக்கில் தூக்குகிறோமே, அதை உருவாக்கிய ஹாரி ஃபெர்குசன் 1938இல் ஹென்றி ஃபோர்டோடு வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் போட்டார். எழுத்தில் ஒரு வரி கிடையாது. அடுத்த வருஷம் 9என் வந்தது. ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்த பிறகு கூட்டு முறிந்து, 1947இல் ஃபெர்குசனை விட்டுவிட்டு இவர்களே 8என்னைப் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1952இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார். அவருடைய பெயர் பிறகு மாஸியோடு ஒட்டிக்கொண்டு, 1960இல் டாஃபே டிராக்டர் கம்பெனி வழியாக மெட்ராஸுக்கு வந்து, கடைசியில் உன் களத்துமேட்டில் நிற்கிறது. வாய்வார்த்தையில் பங்கு பிரித்த அண்ணன் தம்பி கதை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் பிறந்தால் இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிடும். ரோட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு இருநூறு அடிக்கு மேல் மண்பாதை. அதைத் தள்ள இவள் பின்னால் ஒரு பிளேடு மாட்டி வைத்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் சும்மா ஒருதடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று செல்ஃப் பட்டனை அழுத்தினால், 'உர்ர் உர்ர்' என்று சுற்றுகிறாளே தவிரப் பிடிக்கவில்லை.

முதலில் பெட்ரோல் பார்த்தேன். கார்புரேட்டர் அடிமூடியைக் கழற்றினால் விரல் மொத்தத்துக்கு ஒழுகியது, குறையில்லை. பிளக் வயரைக் கழற்றி ஹெட்டுக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து எங்கள் வீட்டு மகளிரணித் தலைவியை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். மஞ்சளாக, நூல் மாதிரி ஒரு பொறி. அதுவும் நாலுக்கு ஒருதடவை. ஆறு வோல்ட் வண்டி, பேட்டரியில் பாசிட்டிவ்தான் எர்த். இந்த வோல்ட்டுக்குத் தடித்த கேபிள் வேண்டும். யாரோ சாதாரண கார் கேபிளை மாட்டி வைத்திருந்தார்கள். அதை மாற்றியதும் சுற்றும் வேகம் கூடியது, பொறி தேறவில்லை. ஆக, பிளக்குகளுக்கு முறைப்படி பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டெல்கோவைத் திறந்தே ஆகவேண்டும்.

இதன் டெல்கோ இருக்கும் இடம் இருக்கிறதே, செய்தவன் கையில் கிடைத்தால் இரண்டு கேள்வி கேட்பேன். என்ஜினின் மூக்கில், காத்தாடிக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில், வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டின் முனையிலேயே நேராகச் சொருகியிருக்கிறது. பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை ஏற்றித் தருகிற 'காயில்' என்ற சுருள் அதன் தலைமேலேயே சதுர டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ளே கை விட்டால் முட்டித்தோல் போய்த்தான் வெளியே வரும். ஒரே நல்லது, இரண்டு போல்ட்டைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வந்துவிடும். பொறி விழுகிற நேரத்தை, அதாவது டைமிங்கை, மேஜைமேல் வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். பிஸ்டன் உச்சியில் நிற்கிற டாப் சென்டரைத் தேட வேண்டியதில்லை, டைமிங் லைட் வேண்டியதில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர், எண்பது தாண்டியவர், வந்து காட்டிக்கொடுத்தார். மூடித் திறந்து பொறியை உண்டாக்குகிற பாயின்ட் இரண்டும் தீய்ந்து, ஒன்றில் குழி, மற்றதில் மேடு. புதுப் பாயின்ட், புதுக் கன்டென்சர், புது ரோட்டர் போட்டோம். பாயின்ட் முழுசாகத் திறக்கும்போது நடுவே இருக்கிற இடைவெளியை, அதாவது கேப்பை, 0.015 அங்குலம் வைத்தார், உன் புல்லட்டுக்கு வைக்கிற மாதிரியேதான். அப்புறம் டெல்கோவைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். அச்சின் முனையில் ஒரு நாக்கு. அது நட்ட நடுவில் இல்லை, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அதனால் கேம் ஷாஃப்ட்டில் அது ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். உட்காராததைப் போல்ட் முறுக்கி உட்கார வைக்கப் போனால் டெல்கோவின் காது உடைந்துவிடும். அந்த நாக்கின் அகலப் பக்கத்தை ஒட்டி இரும்பு ஸ்கேலை வைத்து, அச்சு சுற்றுகிற திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். பாயின்ட் வாய் திறக்கிற அந்தக் கணத்தில் ஸ்கேலின் ஓரம் போல்ட் துளையின் வெளி விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பக்கவாட்டில் இருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, பாயின்ட் உட்கார்ந்திருக்கிற தட்டை நகர்த்திக்கொள்ளலாம். பெரியவர் கை நடுங்குகிறது, ஆனால் ஸ்கேல் நடுங்கவில்லை. கால் அங்குலம் கச்சிதமாக வந்தது. அவர் மாடு பார்க்கப் போய்விட்டார். மாட்டுகிற வேலை என்னுடையது.

இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன்.

இவளுடைய ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பொறி வாங்குகிற வரிசை, 1-2-4-3. அதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் வயர் மாட்டினேன். ஆனால் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மாட்டினேன். முன்னால் நின்று பார்த்தால் என்ஜின் அப்படித்தானே சுற்றுகிறது, டெல்கோவுக்குள் பொறியைப் பங்கிடுகிற ரோட்டரும் அப்படியே சுற்றும் என்று ஒரு நினைப்பு. கேம் ஷாஃப்ட்டுக்குப் பல்சக்கரம் வழியாக ஓட்டம் போகிறது, அதனால் அது எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது தோன்றவே இல்லை. 1-2-4-3ஐப் பின்னாலிருந்து படித்துப் பார், 1-3-4-2 வரும். நம்ம அம்பாசிடர் கணக்கு! ஒன்றாம் சிலிண்டரும் நாலாம் சிலிண்டரும் சரியாக இருக்கும், இரண்டும் மூன்றும் இடம் மாறிவிடும். பாதி சரி என்பதால் வண்டி செத்தும் போகாது, பிழைக்கவும் பிழைக்காது. இருமியது, தும்மியது, கார்புரேட்டர் வழியாகப் படார் என்று ஒரு வெடி. பூனை இரண்டு நாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை.

வெடித்தால் டைமிங் கோளாறு என்று சின்ன வயதிலிருந்து மண்டையில் ஏறியிருக்கிறதே. மறுநாள் டெல்கோவை மறுபடி கழற்றினேன். பாயின்ட் வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதம் கண்ணில் பட்டது. '8என்: 0.025' என்று போட்டிருந்தது. பெரியவர் வயசானவர், மறந்திருப்பார் என்று நானே முடிவு கட்டி, 0.025 கனமுள்ள ஃபீலர் தகட்டைச் சொருகி கேப்பை அகலப்படுத்தினேன். ஸ்கேலைத் தொடவில்லை. அதுதான் நேற்றே பார்த்தாயிற்றே! மாட்டுகிறபோது வயர் தப்பும் கண்ணுக்குத் தெரிந்து, அதையும் சரிசெய்தேன். கேப் சரியாக இருந்த அன்று வயர் தப்பு. வயர் சரியான அன்று கேப் தப்பு. இரண்டும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஆள் மாற்றிக்கொண்டன.

இப்போது இருமல் இல்லை, வெடி இல்லை. பட்டனை அழுத்தினால் அரைச் சுற்று சுற்றி, 'டக்' என்று சுவரில் முட்டியதுபோல நிற்கும். சில சமயம் காத்தாடி ஒரு விரல்கடை பின்னாலேயே போகும். நான் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியை இரவெல்லாம் சார்ஜில் போட்டேன். செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், கழற்றிப் பிரஷ் பார்த்தேன். புது வால்வு, புது ஹெட் என்று மனசு எங்கெங்கோ போனது. ஒன்பது நாள் போயிற்று, மாப்ள.

பத்தாம் நாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'இந்த முட்டியோடு இனிமேல் புல்லட்டை மிதிக்க முடியாது' என்று எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது. பன்னிரண்டாம் வகுப்பு லீவில் உன் அப்பா பட்டறை வாசலில் அந்த வண்டி என்னை உதைத்துத் தள்ளிய நாள் ஞாபகம் வந்தது. கிக்கர் திருப்பி அடித்து, கணுக்கால் வீங்கி, நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். நீ பாயின்ட் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாய்: "கேப்பைத் தொட்டவன் டைமிங்கைத் தொட்டவன்டா! கேப்பை அகலமா வெச்சா முன்னாடியே தொறக்கும், முன்னாடியே தொறந்தா முன்னாடியே அடிக்கும், அடிச்சா உன் காலுதான் போகும்!" அன்றைக்கு உன் வாயில் வந்த மற்றதை எழுத முடியாது.

சுவரில் முட்டுகிற அந்த 'டக்' வேறென்ன? பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்னாலேயே பொறி விழுந்து, எதிர்த்துத் தள்ளுகிறது. அன்றைக்கு என் கணுக்காலுக்குக் கிடைத்தது இன்றைக்கு செல்ஃப் மோட்டாருக்கு. செருப்புக்கூடப் போடாமல் கொட்டகைக்கு ஓடினேன். அந்தத் துண்டுக் காகிதத்தை விரித்து இந்தத் தடவை படத்தைப் பார்த்தேன். அதில் உருண்டைக் காயில், நிமிர்ந்து நிற்கிற டெல்கோ. 1950இல் நடுவழியில் டெல்கோவை மூக்கிலிருந்து என்ஜினின் பக்கவாட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். 0.025 என்பது அந்தப் பிந்தைய வண்டிகளுக்கு. இரண்டுக்கும் பெயர் 8என்தான். பெரியவர் ஒன்றும் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பை நிறைய ஆப்பிளோடு போய் அவரிடம் ஒப்புக்கொண்டேன். சிரித்துவிட்டு, ஆப்பிளை வாங்கிக்கொண்டார்.

மறுபடி மேஜை. முதலில் கேப். பாயின்ட்டைத் திறக்கிற நாலு மேட்டிலும் தனித்தனியாக அளந்தேன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்: 15, 15, 17, 14. அச்சுப் புஷ் கொஞ்சம் தேய்ந்து ஆடுகிறது, இந்தக் குளிர்காலத்தில் மாற்றிவிட வேண்டும். அப்புறம் ஸ்கேல். 25க்கு அகட்டியிருந்த கேப் 15க்கு வந்ததும், ஸ்கேல் தானாகக் கால் அங்குலத்துக்கே வந்து நின்றது. பெரியவர் வைத்த இடம் நகரவே இல்லை, கெடுத்தது நான் ஒருவன்தான். பாயின்ட் திறக்கிற கணத்தைப் பிடிக்க நீ சிகரெட் பெட்டிக்குள்ளிருக்கும் மெல்லிய காகிதத்தைச் செருகி இழுத்துக்கொண்டே இருப்பாயே, அது நழுவினால் திறந்தது என்று கணக்கு. எனக்குச் சிகரெட் ஏது? மல்டிமீட்டரைச் சத்தத்தில் வைத்தேன். பாயின்ட் ஒட்டியிருக்கும் வரை 'கீ' என்று கத்தும், திறந்த நொடியில் வாயை மூடும். ஆனாலும் ஒருதடவை ரசீதுக் காகிதத்தைச் செருகியும் இழுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இடத்தைத்தான் சொன்னது.

மாட்டி, சோக்கை இழுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து (இல்லாவிட்டால் பட்டனே வேலை செய்யாது), அழுத்தினேன். இரண்டாம் சுற்றில் பிடித்தாள். ஒரு வாய் வெள்ளைப் புகை, அப்புறம் சோக்கை உள்ளே தள்ளியதும் நம்மூர் மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு சீரான சத்தம். அரை மணி நேரம் அணைக்கவே இல்லை. வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, சாப்பாடு ஆறிப்போகிறது என்று சொன்னாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

புல்லட்டுக்கு இருபதாயிரம் கூடுதலாகத் தருகிறேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான், கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாயே. கொடுக்காதே. பொங்கலுக்கு இரண்டு வாரம் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதுவரைக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு மூடி வை. நான் மிதிக்கிறேன், நீ திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு திட்டு.

இப்படிக்கு,
உன் பட்டறைப் பழைய கையாள்