பெரிய மரங்களை விட்டுவைக்கச் சொன்னவர்களுக்கு

மாரியம்மன் திருவிழா முடிந்ததும் உபயதாரர்களுக்கு நன்றி மடல் எழுதுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டு மேய்ச்சல் நிலத்துக்காகவும் ஒன்று எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே தென்னாப்பிரிக்காவில், துகேலா ஆற்றுப் பக்கம், வீனன் ஊருக்கு அருகில் இருக்கும் எங்கள் நிலத்தை முள் மூடிக்கொண்டு வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். சூலு மக்கள் உககானே என்று சொல்லும் அந்தப் புதர், தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் நிற்கும் நம் விடத்தேரையேதான். அளவு மீறி மேய்த்து, தீயையும் அண்டவிடாமல் வைத்திருந்தால் புல் மெலிந்து புதர் தலையெடுத்துவிடும். எங்களுக்கும் அதுதான் நேர்ந்தது. ஆத்திரத்தில் ஒரு சரிவு முழுவதையும் மொட்டையடித்தேன். இரண்டு மழைக்காலம் புல் அலையடித்தது. மூன்றாவதில், வெட்டிய ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கொத்துக் கொத்தாகத் தளிர். இடைவெளியெல்லாம் முள் கன்று. பழைய புதரே தேவலை என்று மனைவி அழுதாள்.

பக்கத்து நிலத்து பாபா (சூலு மொழியில் அப்பா), நீங்கள் அன்று என்னைக் கைப்பிடித்து உமுங்கா என்னும் ஒரு பெரிய வேல மரத்தடிக்கு அழைத்துப்போனீர்கள். வெளியே செம்மண் வெடித்துக் கிடந்தது. நிழலிலோ கினியாப் புல் முழங்கால் உயரம். "இதை வெட்டினால் இந்தப் புல்லும் போகும்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மடலை எழுதலாம்.

எத்தனை மரம் நிற்கலாம் என்ற கணக்கை வேளாண் அலுவலர் தம்பி கற்றுக்கொடுத்தார். ஒன்றரை மீட்டர் உயரப் புதர் ஓர் அலகு. மூன்று மீட்டர் மரம் இரண்டு அலகு. ஒரு ஹெக்டேரில் நிற்கும் அலகுகள், ஆண்டு மழை மில்லிமீட்டரின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. 600 மில்லிமீட்டர் மழை என்றால் 1,200 அலகு. சுண்ணாம்புக் குறியிட்டு, எது நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தோம். வெட்டுவது அதற்குப் பிறகுதான். விட்டுவைத்த பெரிய மரங்களின் வேர்கள் புதுக் கன்றுகளை எழும்பவிடாமல் அடக்குகின்றன. அடிக்கட்டைகள் மறுபடி தளிர்க்காமலிருக்க அன்றன்றே மருந்து தடவிய இளைஞர்களே, கை கிழிந்தும் நீங்கள் நிறுத்தவில்லை. தப்பித் தளிர்த்தவற்றைக் கடித்துத் தீர்த்த வெள்ளாடுகளை ஓட்டிவந்த அக்காவுக்கும் வணக்கம். முள் கிளைகளை வெற்று மண்ணில் பரப்பச் சொன்னதும் அவர்தான். மாட்டின் கால் படாத அந்த இடங்களில் ஈரமும் விதையும் தங்கி, புல் தானாகவே முளைத்தது.

மரிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்த என் அண்ணன் மகள், நிறுத்திவைத்த ஒரு மரத்தின் இடுப்பில் நூல் சுற்றி, அளவு பார்த்து முடிச்சுப் போட்டு எடுத்து வைத்தாள். நெருக்கத்தில் நின்றபோது பல ஆண்டுகள் பருக்காத மரம் அது. மூன்று ஆண்டு கழித்து அதே நூலைச் சுற்றினோம். முனைகள் சந்திக்கவில்லை, நடுவே இரண்டு விரல் இடைவெளி. தண்ணீருக்குப் போட்டி குறைந்ததும் புல் மட்டுமல்ல, மரமும் பருக்கிறது என்பதை அந்த நூலில் கண்ணால் கண்டேன். அவள் கத்திய கத்தில் மாடுகள் மிரண்டன.

வெட்டிய பகுதியை ஒரு மழைக்காலம் முழுவதும் மேய்க்காமல் விட, தன் நிலத்தில் எங்கள் மாடுகளுக்கு இடம் கொடுத்த மாமா, உங்கள் கடன் பெரிது.

மலையடிவாரத்துக் கோகோ (சூலு மொழியில் பாட்டி), இத்தனை ஆண்டுகள் தலைச்சுமையாக விறகு கொண்டுபோனவர் நீங்கள். வருகிற குளிர்காலத்தில் அடுத்த சரிவிலும் புதர் நெருக்கத்தைக் கலைக்கிறோம். விறகில் பாதி டிராக்டரில் உங்கள் வாசலுக்கே வந்து சேரும்.